பிறப்புச் சான்றிதழோடு முடிந்துவிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வாடகைத்தாய் முறை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, பிறந்த குழந்தையை ஏந்திக்கொண்டு தம்பதியர் ஊர் திரும்பும் காட்சியோடு நிறைவடைந்திருந்தது. இங்கிலாந்தில் குழந்தைகள் நலத் துறையில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வேலை தொடங்குவதே அந்த இடத்தில்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிரிட்டனின் 2008ஆம் ஆண்டு மனிதக் கருவுறுதல், கருவியல் சட்டப்படி, குழந்தையைச் சுமந்து பெற்றவரே தாய். கருமுட்டை யாருடையது, பிரசவம் எந்த நாட்டில் நடந்தது என்பவை இதை மாற்றுவதில்லை. அவர் மணமானவராக இருந்து, கணவரும் ஏற்பாட்டுக்கு உடன்பட்டிருந்தால், அந்தக் கணவரே சட்டப்படி தந்தை. உக்ரைனில் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் வழக்கை 2008இல் நீதிபதி ஹெட்லி விசாரித்தபோது, முந்தைய 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்த இதே விதியின் விளைவு வெளிப்பட்டது. உக்ரைன் சட்டம் பிரிட்டிஷ் தம்பதியரைப் பெற்றோர் என்றது. பிரிட்டிஷ் சட்டமோ உக்ரைன் பெண்ணையும் அவர் கணவரையும் பெற்றோர் என்றது. இரு நாட்டுச் சட்டங்களுக்கும் இடையில் அக்குழந்தைகள் பெற்றோரும் குடியுரிமையும் இன்றி நின்றார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதே, குழந்தையை வளர்க்கும் தம்பதியரைச் சட்டப்படி பெற்றோராக்கி நீதிமன்றம் வழங்கும் பெற்றோர் ஆணை. குழந்தை பிறந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர்களில் ஒருவருக்காவது குழந்தையோடு மரபணு உறவு இருக்க வேண்டும். நியாயமான செலவுக்கு மேல் பணம் கைமாறியிருந்தால் அதற்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். இவற்றை ஆராய்ந்து அறிக்கை தருவதற்காக, குடும்ப நீதிமன்றங்களில் குழந்தைகளின் நலனைக் கவனிக்கும் காஃப்காஸ் (Cafcass) அமைப்பைச் சேர்ந்த சமூகப் பணியாளர் ஒருவரை நீதிமன்றம் நியமிக்கிறது. அவர் வீட்டுக்குச் செல்கிறார், குழந்தையைப் பார்க்கிறார், பெற்றோரிடம் பேசுகிறார். ஆனால் அவர் வந்து சேரும்போது குழந்தை அந்த வீட்டில் மாதக்கணக்கில் வளர்ந்திருக்கும். குழந்தையின் நலனே முதன்மை என்று விதி சொல்லும்போது, பணம் அதிகமாகக் கைமாறியது என்பதற்காக அந்த உறவைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துவது யாருக்கு நன்மை? நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஆணை வழங்கிவிடுவது இதனால்தான். அது சரியானது என்றே நானும் கருதுகிறேன்.

அப்படியானால் அறிக்கை வெறும் சடங்கா என்றால், இல்லை. பெற்றெடுத்த பெண்ணின் சம்மதத்தை உறுதி செய்வது அதன் மிகக் கனமான பகுதி. பிரசவமாகி ஆறு வாரம் கழிவதற்குள் அவர் தரும் சம்மதம் செல்லாது; அதன் பிறகும் அவர் அதை முழுமையாகப் புரிந்துகொண்டு, தம் விருப்பத்தோடு தந்திருக்க வேண்டும். பல்லாயிரம் மைல் தொலைவில், வேறு மொழி பேசும் ஒரு பெண் எதைப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்பதை இங்கிருந்து அறிவது எளிதன்று. இந்தியாவில் பிறந்த இரட்டையரைக் குறித்த 2012ஆம் ஆண்டு வழக்கில், வாடகைத்தாயைக் கண்டுபிடிக்கவே முடியாததால், அவர் சம்மதமின்றியே நீதிபதி பேக்கர் ஆணை வழங்க நேர்ந்தது. அந்த இரட்டையர் வளர்ந்து, தங்களைச் சுமந்தவர் யார் என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது? அவருடைய பெயரையும், ஊரையும், முடிந்தால் ஒரு புகைப்படத்தையும் குழந்தைக்காகச் சேர்த்து வைக்கும்படி பெற்றோரை வற்புறுத்துவதைச் சமூகப் பணியாளர்கள் தங்கள் தலையாய கடமையாகக் கொள்ள வேண்டும் என்பேன்.

இதைவிட என்னை வருத்துவது, நீதிமன்றத்துக்கே வராத குடும்பங்கள். வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தங்கள் பெயர் இருக்கிறது, குழந்தைக்குக் கடவுச்சீட்டும் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். அவர்களைத் தேடிச் செல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லை. நான் சந்தித்த ஒரு பெண், ஏழு ஆண்டுகள் வளர்த்த மகளுக்குத் தாம் சட்டப்படி தாயே அல்ல என்பதைக் கணவர் பிரிந்து சென்ற பிறகு ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தார். அவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை; கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆறு மாத வரம்பு கடந்துவிட்டாலும் விண்ணப்பத்தை ஏற்கலாம் என்று 2014இல் நீதிபதி மன்பி தீர்ப்பளித்தார் என்பது இத்தகைய குடும்பங்களுக்கு ஓர் ஆறுதல். ஆனால் பிரிவும் பகையும் வந்த பின் எல்லாமே கடினமாகிவிடுகிறது. பிறந்த குழந்தை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் இங்கே செவிலியர் நேரில் வருகிறார். பெற்றோர் ஆணைக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா என்ற ஒரே கேள்வியை அவர் அன்போடு கேட்டால் போதும். இந்த அவலங்களில் பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.

2023 மார்ச்சில் இங்குள்ள சட்ட ஆணையம் வெளியிட்ட பரிந்துரைகள், உள்நாட்டு ஏற்பாடுகளில் குழந்தை பிறக்கும்போதே பெற்றோருரிமை கிடைக்க வழி சொல்லின. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு நீதிமன்ற ஆணைதான் வழி என்பது அப்பரிந்துரைகளிலும் மாறவில்லை. எனவே இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் தங்கள் வாசகர்களாக இருப்பதை எண்ணி, ஆறு மாத வரம்பையும் பெற்றோர் ஆணையையும் பற்றி அடுத்த இதழில் ஒரு சிறு குறிப்பாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூகப் பணியாளர்,
லண்டன்.