பஞ்சாங்கம் பார்த்துப் பெயர் வைத்த ஊர்கள்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, திட்டாதே. பையனை சான் டியேகோவில் கல்லூரியில் சேர்த்துவிட்டு நேற்றுத்தான் சான் ஹோசே திரும்பினோம், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கலிபோர்னியாச் சாலை நெடுக பச்சைப் பலகைகளில் சான் லூயிஸ் ஒபிஸ்போ, சான்டா மரியா, சான்டா பார்பரா என்று வந்துகொண்டே இருக்க, பின் சீட்டில் இருந்த மாமியார், "என்ன மாப்பிள்ளை, ஊரையெல்லாம் சாமியாருங்களுக்கே பட்டா போட்டுட்டாங்களா?" என்றார். வந்ததும் உட்கார்ந்து படித்தேன்.

நம் வீடுகளில் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைப்போமே, கிட்டத்தட்ட அதே கதைதான். சான், சான்டா என்றால் ஸ்பானிய மொழியில் புனிதர், கப்பல் வந்த நாளையொட்டி எந்தப் புனிதரின் திருநாளோ, இடத்துக்கு அவர் பெயர். 1542 செப்டம்பர் 28 அன்று ஸ்பெயினுக்காகக் கடலோடிய கப்ரிலோவின் கப்பல்கள் இன்றைய சான் டியேகோ துறைமுகத்துக்குள் நுழைந்தன. மறுநாள் புனித மிகேல் திருநாள், அதனால் இடம் சான் மிகேல். அறுபது வருடம் கழித்து 1602 நவம்பரில் விஸ்கைனோ என்ற இன்னொரு ஸ்பெயின் கப்பலோட்டி அங்கே வந்தார். பழைய பெயர்களில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு, மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நவம்பர் 12 புனித டியேகோ திருநாள், ஏறி வந்த கப்பலின் பெயரும் சான் டியேகோ, முடிந்தது கதை! டிசம்பர் 4 புனித பார்பராவின் நாள் என்பதால் சான்டா பார்பரா. மோன்டெரே மட்டும் புனிதர் பெயர் இல்லை, பயணத்துக்கு அனுப்பிவைத்த வைஸ்ராயின் பட்டம். படியளக்கிறவரையும் குளிரவைக்க வேண்டுமே. சான் டியேகோவில் காலங்காலமாக வாழ்ந்த குமேயாய் மக்களிடம் இருவருமே கேட்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோ கதைதான் கூத்து. 1595இல் மணிலாவிலிருந்து வந்த செர்மேன்யோ என்ற ஸ்பெயின் கப்பலோட்டி, வடக்கே வேறொரு விரிகுடாவுக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார், அங்கேயே அவர் கப்பல் புயலில் உடைந்தும் போனது. பின்னால் பெயர் தெற்கே நகர்ந்து இன்றைய பெரிய விரிகுடாவில் ஒட்டிக்கொண்டது. பழைய இடம் இப்போது டிரேக் விரிகுடா, 1579இல் கலிபோர்னியாக் கரையில் இறங்கிய இங்கிலாந்து மாலுமியின் பெயரில் (அவரும் ஒரு பிரான்சிஸ்தான்!). ஊருக்கோ வெகுநாள் யெர்பா புவெனா என்றே பெயர், அங்கே படர்ந்து கிடந்த ஒரு புதினா வகைச் செடி. பக்கத்தில் பிரான்சிஸ்கா என்று புது ஊர் கிளம்பவும், விரிகுடாவின் பெயரைப் பார்த்துக் கப்பல்கள் அங்கே போய்விடுமோ என்ற பயத்தில் 1847 ஜனவரியில் யெர்பா புவெனாக்காரர்கள் முந்திக்கொண்டு ஊர்ப் பெயரைச் சான் பிரான்சிஸ்கோ என்று மாற்றிவிட்டார்கள். பிரான்சிஸ்கா என்பது அந்த ஊரைத் தொடங்கியவரில் ஒருவரான வயேஹோவின் மனைவி பெயர். வேறு வழியில்லாமல் புது ஊர்க்காரர்கள் அந்த அம்மாளின் இன்னொரு பெயரான பெனிசியாவை வைத்துச் சமாளித்தார்கள்.

படிக்கப் படிக்க உன் வீட்டுப் பக்கத்து மலைதான் ஞாபகம் வந்தது. கப்பலேறி வந்த போர்த்துகீசியர்கள் அதற்குப் புனித தோமாவின் பெயரை வைக்க, நம் ஆட்கள் தோமாவை விட்டுவிட்டு, வந்தவர்களையே பார்த்துப் பரங்கிமலை என்றார்கள். குசும்பு!

டிசம்பர் கடைசியில் வருகிறேன், பரங்கிமலை ஸ்டேஷனுக்கே வண்டியோடு வா. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது, எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்