எந்தக் கப் என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார சமையல் பக்கத்தில் கேக் குறிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஒரு கப் என்பது 200 கிராம்' என்று போட்டிருந்தீர்கள். எதற்கு 200 கிராம்? கப் கொள்ளளவு, கிராம் எடை, இது உங்களுக்குத் தெரியாததா? 240 மில்லி கப்பில் சர்க்கரை நிரப்பினால் 200 கிராம் வரும், சரி. அதே கப்பில் மைதாவை அழுத்தாமல் நிரப்பித் தராசில் வைத்தால் 125 கிராம்கூடத் தேறாது. உங்களை நம்பி இரண்டு கப்புக்கு 400 கிராம் மைதாவை நிறுத்துப் போட்டேன். பேத்தியின் பிறந்தநாள். கத்தி இறங்கவில்லை. குழந்தை ஒன்றும் சொல்லாமல் மேலே இருந்த செர்ரியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

என் மாமியாரிடம் பித்தளை ஆழாக்கு ஒன்று இருந்தது. நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, அவ்வளவுதான் இட்லி. அது எத்தனை மில்லி என்று அவர் கேட்டதே இல்லை, கேட்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில்தான் அளந்தார். நீங்களோ ஒரே குறிப்பில் மைதாவைக் கப்பிலும் வெண்ணெயைக் கிராமிலும் பாலை டம்ளரிலும் கொடுக்கிறீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் எழுதினேன். டீஸ்பூனைக் குறிக்கும் 'டீ' வரவேண்டிய இடத்தில் டேபிள்ஸ்பூனைக் குறிக்கும் 'டே' என்று அச்சாகி, ஆப்ப சோடா 5 மில்லி ஸ்பூனுக்குப் பதில் 15 மில்லி ஸ்பூனாகிவிட்டது. ஒரு பாத்திரம் பணியார மாவை அப்படியே கொட்டினேன். பதில் இல்லை. போன் செய்தபோது, "வீட்ல இருக்கிற டம்ளர்ல அளந்துக்கோங்கம்மா" என்றார்கள்.

எந்த டம்ளரில்? அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றிப் பார்த்தேன். எங்கள் எவர்சில்வர் டம்ளருக்கு இரண்டரை டம்ளர் வந்தது, அப்படியென்றால் 200 மில்லி. ரைஸ் குக்கரோடு வந்த கப் 180. அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்தது 240. இங்கே கடையில் வாங்கிய செட்டில் 250. ஒரே அலமாரியில் நாலு அளவு இருக்க, வெறுமனே 'ஒரு கப்' என்று எழுதினால் புதிதாகச் சமைக்க வரும் பெண்ணோ பையனோ எதை எடுப்பார்கள்? கேக் சரியாக வராவிட்டால் தங்களுக்குக் கைப்பக்குவம் இல்லை என்றுதானே நினைத்துக்கொள்வார்கள்? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. பக்கத்தின் தலைப்பிலேயே, கப் 250 மில்லி, டேபிள்ஸ்பூன் 15, டீஸ்பூன் 5 என்று வாராவாரம் போடுங்கள். ஸ்பூன் பெயரைச் சுருக்காதீர்கள். மாவு வகைக்கு மட்டும் பக்கத்திலேயே கிராமையும் கொடுங்கள், அதையும் யாராவது ஒருவர் தராசில் வைத்துப் பார்த்த பிறகு.

வரும் ஞாயிறு மறுபடி கேக் செய்து தருவதாகப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். சென்ற வாரக் குறிப்புக்கான திருத்தத்தை அதற்குள் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை