ஊசி போடுவதற்கு முன்னால் காலையில் ரத்தம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு என்னென்ன வரும் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள், என் மனைவி அதைக் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறார். நல்ல கட்டுரை. அதே வயதில் ஆண்களுக்கு உடம்பில் நடப்பதைப் பற்றி நம் பேப்பரில் என்ன இருக்கிறது என்று தேடினால், ‘ஆண்மைக் குறைவா? இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம்’ என்கிற வரி விளம்பரம்தான் இருக்கிறது. அதை நம்பிப் போனவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன், வயது 57. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் 20 லிட்டர் பக்கெட்டை மேல்தட்டுக்குத் தூக்கும்போது பாதியில் கை நடுங்கிக் கீழே வைத்துவிட்டேன், முப்பது வருடமாகத் தூக்கிய பக்கெட் அது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் கண் சொருகிவிடும், கடைப் பையன் வந்து எழுப்புவான். எதற்கெடுத்தாலும் எரிச்சல். தாம்பத்தியம் கிட்டத்தட்ட நின்றே போனது, நானும் பேசவில்லை, மனைவியும் கேட்கவில்லை, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வோம்.

லாட்ஜ் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ‘சின்ன வயசுல செஞ்ச தப்பு’ என்றார். 57 வயது ஆள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். 48 நாள் லேகியம், 14,000 ரூபாய். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் கடையை மூடிவிட்டு ஒரு லேபில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் பரிசோதனை செய்தேன், அப்போது மணி சாயங்காலம் ஆறரை இருக்கும். 248 என்று வந்தது, 300-க்குக் கீழே போனால் குறைவு என்றார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் வேறு எதுவும் கேட்காமல், மூன்று வாரத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, இனி ஆயுசுக்கும் போட வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற என் மச்சினன்தான் சீட்டைப் பார்த்துவிட்டு, “மச்சான், இதை இப்பவே போட்டுராதீங்க, மதுரைல ஹார்மோன் டாக்டர் ஒருத்தரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க” என்றான்.

மதுரை டாக்டர் முதலில் கேட்டதே ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது என்றுதான். இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பகலில் இறங்குமாம், சாப்பிட்டாலும் குறையுமாம், அதனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் வெறும் வயிற்றில், அதுவும் வேறு வேறு நாளில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தால்தான் கணக்கு. எடுத்தோம். 341, 356. கூடவே பார்த்த மூன்று மாத சர்க்கரை 9.4! எனக்கு சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

வயது ஆக ஆக இந்த ஹார்மோன் வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்கு மெதுவாகத்தான் குறைகிறது, பெண்களுக்கு மாதிரி சட்டென்று நிற்பதில்லை. தொப்பையும் சர்க்கரையும் சரியில்லாத தூக்கமும்தான் அதை வேகமாக இறக்குகின்றன. சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் நேராகவே கெடுக்கும் என்பதால், ஹார்மோன் சரியாக இருந்தாலும் விறைப்பு போகலாம், அது மாரடைப்புக்குச் சில வருடம் முன்னால் வருகிற அறிகுறியாகவும் இருக்கலாம் என்றார். ஊசியைப் போட்டுக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்திருந்தால் சர்க்கரை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. மாத்திரை, ராத்திரி சோற்றை நிறுத்தியது, தினமும் மலைக்கோட்டையைச் சுற்றி நடை, எட்டு மாதத்தில் 9 கிலோ குறைந்தேன். போன மாதம் காலையில் எடுத்தது 428. பக்கெட்டை மறுபடியும் நானே தூக்கி வைக்கிறேன்.

ஊசியே கூடாது என்று சொல்லவில்லை. என்னோடு நடக்க வருகிற நண்பருக்கு இரண்டு தடவையும் காலையில் 150-ஐத் தாண்டவில்லை, ஸ்கேன் எடுத்ததில் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி, இப்போது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவர் மாதிரி உண்மையிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு வைத்தியம் வேண்டும், முதலில் காரணம் என்னவென்று பார்க்க வேண்டும். 2023-இல் வெளியான டிராவர்ஸ் என்ற ஆய்வில் 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு உடம்பில் பூசுகிற டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஜெல்லும் கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பு கூடவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் எலும்பு முறிவும் ஹார்மோன் ஜெல் பூசியவர்களுக்கு அதிகம். ரத்தம் கெட்டியாகிறதா, பிராஸ்டேட் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து இது. இன்னொன்று, வெளியிலிருந்து ஹார்மோன் போனால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கு இதை யாராவது சொல்கிறார்களா?

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். உடலுறவுச் சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது, தயவுசெய்து அந்த வரி விளம்பரங்களை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு ஹார்மோன் டாக்டரை மாதம் ஒரு தடவையாவது எழுத வையுங்கள், கேள்வி கேட்க வெட்கப்படுகிறவர்கள் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

லேகிய டப்பா இரண்டு பிரிக்காமல் என் கடையில் அப்படியே இருக்கிறது. உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று லேபிளில் ஒரு வரி கிடையாது. மூலிகை என்று விற்கிற இந்த மாதிரி மருந்துகளில் விறைப்புக்குக் கொடுக்கிற சில்டெனாஃபில் என்ற இங்கிலீஷ் மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர்கள் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். உங்கள் நிருபரை அனுப்புங்கள், டப்பாவைத் தருகிறேன், சோதித்துப் பார்த்து என்ன வந்தாலும் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயிண்ட் கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்.