நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், அம்மா

ஈஸ்ட்ஹாம், லண்டன்
2025 ஏப்ரல் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவள் எழுதுவது. நான் நலம். நீயும் அப்பாவும் அக்கா பிள்ளைகளும் நலம்தானே? இங்கே குளிர் ஒருவழியாக விட்டுவிட்டது. சாயங்காலம் ஏழரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. சித்திரை பிறப்புக்கு முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று இருக்கிறேன், அன்றைக்கு எனக்கு லீவு.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் போட்டால் நீ ஸ்பீக்கரில் வைத்துவிடுகிறாய், அப்பாவும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். இது உனக்கு மட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படி.

போன மாதம் பேசும்போது, இங்கே ஹாரட்ஸ் என்ற பெரிய கடையின் பழைய முதலாளி வேலை பார்த்த பெண்களிடம் தப்பாக நடந்துகொண்டதைச் சொன்னேன், நினைவிருக்கிறதா? நீ அடுப்படியிலிருந்தே சொன்னாய்: "செத்துப்போன மனுசனப் பத்தி இப்பப் பேசி என்ன ஆகப்போகுது? உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?" அப்பாவும் ஆமாம் என்றார். எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, அம்மா.

அந்த ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இளவரசி டயானா கார் விபத்தில் இறந்தபோது கூடவே ஒரு பையன் இறந்தானே, டோடி, அவனுடைய அப்பா. பெயர் முகமது அல் ஃபயத். எகிப்தில் அலெக்சாண்ட்ரியாவில் பிறந்தவர். 1985 முதல் 2010 வரை ஹாரட்ஸ் அவர் கையில் இருந்தது. நைட்ஸ்பிரிட்ஜில் ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிற கடை அது, 330 பிரிவுகள். ராத்திரியில் வெளிச்சுவர் முழுக்க பல்பு எரியும். வந்த புதிதில் நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து "அரண்மனையா?" என்று கேட்டாயே, அதுதான். பாரிஸில் ரிட்ஸ் ஓட்டலும் அவருடையது, ஃபுல்ஹாம் கால்பந்துக் குழுவும் அவரிடம் இருந்தது. 2023 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, 94 வயதில் இறந்தார். பத்திரிகைகள் மகனைப் பறிகொடுத்த தகப்பன் என்று பக்கம் பக்கமாக எழுதின. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி வாழ்நாளிலேயே புகார்கள் வந்திருந்தன. அவர் எல்லாவற்றையும் மறுத்தார். ஒரு தடவைகூட அவர் மேல் வழக்குப் பதியப்படவில்லை.

அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை ராத்திரி, பிபிசியில் ஒரு படம் போட்டார்கள். எனக்கு அன்று நைட் ஷிஃப்ட். எங்கள் முதியோர் கேர் ஹோமில் தூக்கம் வராத பாட்டி ஒருவர் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். படுக்கவைக்கலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார், அணைக்க விடவில்லை. நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தபோதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

அவரிடம் வேலை பார்த்த 20-க்கும் மேற்பட்ட பெண்கள் பிபிசியிடம் பேசியிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர், தங்களைப் பலாத்காரம் செய்தார் என்றே சொன்னார்கள். எல்லோரும் வேலைக்குச் சேர்ந்தபோது சின்னப் பெண்கள். முதலாளி கடையைச் சுற்றி வருவாராம். கவுண்டரில் நிற்கிற பெண்களில் கண்ணுக்குப் பிடித்தவளை மேல்மாடி ஆபீஸுக்கு மாற்றச் சொல்வாராம். பதவி உயர்வு, அம்மா. வீட்டில் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்கள். அப்புறம் பார்க் லேனில் இருந்த அவருடைய குடியிருப்புக்கு வரச் சொல்வார், பாரிஸுக்குக் கூட்டிப் போவார். யார் அந்தக் கதவுக்குள் போகிறாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு நெஞ்சை அடைத்த இடம் வேறு. அவருடைய ஆபீஸில் வேலைக்கு எடுக்கும் முன் பல பெண்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காதும் கண்ணும் பார்க்கிற சோதனை இல்லை. கர்ப்பப்பை சோதனை, பால்வினை நோய்ச் சோதனை. கம்பெனி தரும் சலுகை மாதிரி சொல்லி அனுப்பியது. முடிவு அந்தப் பெண்களில் பலருக்கு வரவே இல்லையாம், முதலாளிக்குப் போயிருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில், ஒரு தாத்தாவின் மருந்து அட்டையை மேஜை மேல் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சொந்த மகன் கேட்டால்கூட அவர் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. அதே ஊரில், படித்த டாக்டர்கள், இருபது வயதுப் பிள்ளையின் உடம்பைப் பற்றி எழுதி அவளை வேலைக்கு வைத்தவன் கையில் கொடுத்தார்கள் என்றால், அந்த டாக்டர் கையெழுத்துப் போடும்போது எதை நினைத்திருப்பார்? அன்று ராத்திரி முழுக்க இதுவே மனதில் ஓடியது.

உன் கேள்விக்கு வருகிறேன். உயிரோடு இருக்கும்போது ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கிறார்கள், அம்மா. 1995-லேயே வேனிட்டி ஃபேர் என்ற பத்திரிகை எழுதியது. அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். மகன் இறந்த பிறகு வழக்கைச் சமாதானமாக முடித்தபோது, வழக்குக்காகப் பத்திரிகை திரட்டி வைத்திருந்த சாட்சியங்களைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1997-லும் 2017-லும் டிவியில் வந்தது. 2008-இல் ஒரு 15 வயதுப் பெண் விஷயத்தில் போலீஸ் அவரை விசாரித்தது. 2009-லும் 2015-லும் கோப்பு அரசு வழக்கறிஞர்களிடம் போனது, வழக்கு நிற்காது என்று திருப்பிவிட்டார்கள். அவர் இறப்பதற்கு முன்பே 21 பெண்கள் போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். 21 பேர்! படம் வந்த பிறகு நவம்பருக்குள் இன்னும் 90 பேர். மொத்தம் 111. 1977 முதல் 2014 வரை நடந்ததாகச் சொல்கிறார்கள். அதில் மிகச் சின்னவளுக்கு அப்போது வயது 13.

பேசாமல் இருந்தவர்களையும் நினைத்துப் பார். பாதுகாப்புக்கு இருந்த ஆட்களின் தலைவர் முன்பு பெரிய போலீஸ் அதிகாரியாக இருந்தவர். போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் பயம். வேலையை விட்டுப் போனவர்கள் சிலரிடம், வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவையும் மீறி ஒருத்தி எந்தப் போலீஸிடம் போவாள், யாருடைய முகத்தைப் பார்த்துச் சொல்வாள்?

செத்த பிறகு ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டத்தில், இறந்தவரைப் பற்றி எழுதினால் யாரும் மானநஷ்ட வழக்குப் போட முடியாது. அந்தப் பயம் போனதும் வாய் திறக்க முடிந்தது. அதே சாவுதான் அவர்களுக்கு நஷ்டமும். செத்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அவர் குற்றவாளி என்று ஒரு நீதிபதி சொல்லிக் கேட்க அந்தப் பெண்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவருக்கு உதவியாக இருந்ததாகச் சந்தேகப்படும் ஐந்துக்கும் மேற்பட்டவர்களை விசாரிப்பதாக 2024 நவம்பரில் போலீஸ் சொன்னது, ஏதாவது நடந்தால் அந்த வழியில்தான் நடக்க வேண்டும். கடையின் இப்போதைய முதலாளிகள் கத்தார்க்காரர்கள். பழைய நிர்வாகம் அந்தப் பெண்களைக் கைவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார்கள். 2025 மார்ச் 31-ஆம் தேதி நஷ்டஈட்டுத் திட்டம் திறந்தார்கள், அதிகபட்சம் 3,85,000 பவுண்ட், சிகிச்சைச் செலவு தனி. பணம் பெரிதுதான். ஆனால் முப்பது வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவளும் அதில் இருப்பாள்.

இனி நான் சொல்ல வந்தது.

2023 பிப்ரவரியில் நான் வந்தபோது வடக்கே ஒரு சின்ன ஊரில் வேலை என்று சொன்னேன் இல்லையா? நவம்பரில் லண்டனுக்கு மாறினேன். சம்பளம் கூட என்று உங்களிடம் சொன்னேன். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான், அம்மா.

அங்கே வேலை வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து வருவது. எனக்கு லைசென்ஸ் இல்லை. ரோட்டா, அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல், போடுகிற மேனேஜரே காரில் கூட்டிப் போவார். இரண்டு மாதம் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அப்புறம் கியர் மாற்றுகிற கை என் தொடைக்கு வர ஆரம்பித்தது. முதல் தடவை தெரியாமல் பட்டது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி. ஒருநாள் கையைத் தட்டிவிட்டேன். அடுத்த வாரம் ரோட்டாவில் பாதி மணிநேரம் காணோம், சம்பளம் பாதி. "உன் சிஓஎஸ் எங்களிடம் இருக்கிறது, ஒரு மெயில் போட்டால் போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிஓஎஸ் என்பது விசாவுக்காகக் கம்பெனி தரும் சான்று, அதைத் தருகிற கம்பெனிதான் ஸ்பான்சர். இங்கே ஸ்பான்சர் கைவிட்டால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். ஏஜெண்டுக்குக் கொடுத்த பன்னிரண்டு லட்சத்துக்கு உன் சங்கிலியும் அக்காவின் வளையலும் பேங்கில் இருந்தன. நான் ஐந்து மாதம் அந்தக் காரில் ஏறினேன். தினமும் மடியில் பையை வைத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அதை நம்பு.

அப்போதும் வாரத்துக்கு இரண்டு தடவை உன்னோடு பேசினேன். நீ "சாப்பிட்டியா?" என்று கேட்பாய், சாப்பிட்டேன் என்பேன். சொல்ல வாய் வந்ததே இல்லை. நீ "வந்துவிடு" என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம் ஒரு பக்கம். "நீ எதுக்கு முன்சீட்டுல உக்காந்த?" என்று கேட்டுவிடுவாயோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

கடைசியில் கூட வேலை பார்த்த ஜிம்பாப்வே அக்கா ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் என்றார். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியுமாம். அவர்தான் இந்த வேலையைத் தேடிக் கொடுத்தார், புதுச் சான்று கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார். வந்த அன்றே ரயில் ஏறிவிட்டேன். புகார் கொடுக்கவில்லை. எனக்குப் பிறகு அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாள் என்று தெரியாது. அதுதான் என்னைத் தூங்கவிடாதது. ஹாலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, பேசிய பெண்களில் ஒருவரைக்கூட "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்க எனக்கு மனது வரவில்லை.

போன அக்டோபர் 26-ஆம் தேதியிலிருந்து இங்கே புதுச் சட்டம். வேலை இடத்தில் பாலியல் தொல்லை நடக்காமல் தடுப்பதே முதலாளியின் பொறுப்பு, புகார் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எங்கள் ஹோமில் கூட்டம் போட்டு, யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார்கள். அன்று நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன்: மேனேஜரே செய்தால் யாரிடம் போவது? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதில் சொன்னார்கள், நம்பரை எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பழைய இடத்தைப் பற்றியும் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஜிம்பாப்வே அக்காவும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்.

இன்னொன்று. நான் ஆறாவது படிக்கும்போது நீ திடீரென்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவதை நிறுத்தினாய். அப்பா எவ்வளவு சத்தம் போட்டும் காரணம் சொல்லவில்லை. வீட்டிலேயே பெட்டி ஒட்டினாய், காசு பாதிதான் வந்தது. அதன் பிறகு அக்கா அங்கே வேலைக்குப் போகிறேன் என்றபோது, "அந்தக் கணக்குப்பிள்ளை இருக்கிற வரைக்கும் என் பிள்ளை அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொன்னாய். நான் அப்போது பாயில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, அம்மா. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். வேண்டாம் என்றால் விட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா டீக்கடைக்குப் போய்விடுவார், இங்கே அப்போது மதியம் பன்னிரண்டரை. ஸ்பீக்கரில் போடாதே. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிடு.

மாதக் கடைசியில் பணம் போடுகிறேன். இந்தத் தடவை சங்கிலியை மீட்டுவிடலாம்.

அன்புடன்,
உன் சின்னவள்