புகார்: உங்கள் பட்டியலில் இருக்கும் டாக்டர் உங்கள் நெட்வொர்க்கில் இல்லையாம்

பெறுநர்: மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உறுப்பினர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், பதில் இல்லை. நீங்கள் அனுப்பும் கடிதங்களோடு ‘மொழி உதவி இலவசம்’ என்று ஒரு தாள் வருகிறதே, அதை நம்பி இந்த முறை தமிழில் எழுதுகிறேன். யாராவது படித்துச் சொல்லுங்கள்.

மார்ச் மாதம் உங்கள் இணையதளத்து டாக்டர் பட்டியலில் ஒரு இன்டர்னல் மெடிசின் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்) டாக்டரைப் பார்த்தேன். ‘நெட்வொர்க்கில் உள்ளார்’ என்று, அதாவது உங்களோடு கட்டண ஒப்பந்தம் போட்டவர் என்று, பச்சை டிக் இருந்தது. எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இரண்டையும் ஒருவரே பார்த்தால் நல்லது என்று போனேன். நல்ல டாக்டர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு வாரம் கழித்து 438 டாலருக்கு பில் வந்தது. அவர் நெட்வொர்க்கில் இல்லையாம். என் பங்காக நான் கட்டும் 30 டாலர் கோ-பேயோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அப்புறம்தான் அலைச்சல். உங்கள் போன் சேவையில் மற்றவர்களை விடுங்கள், மே மாதம் பேசினாரே ஒருவர், அவரை மட்டும் நான் மறக்க மாட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, “போகும் முன் அங்கே கேட்டிருக்க வேண்டாமா சார்?” என்றார். கேட்டேனே! கிளினிக்கில் “உங்கள் இன்ஷூரன்ஸை ஏற்கிறோம்” என்றுதான் சொன்னார்கள். ஏற்பது வேறு, நெட்வொர்க்கில் இருப்பது வேறு என்று அந்த மனிதர் எனக்குப் பாடம் எடுத்தார். எடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்கள் பதிவில் இருக்கும், போட்டுக் கேளுங்கள்.

அந்த டாக்டர் எங்கே படித்தார், ரெசிடென்சி என்கிற மருத்துவமனைப் பயிற்சியை எங்கே செய்தார் என்பது கிளினிக் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. போர்டு சர்டிஃபிகேஷன், அதாவது அந்தத் துறைக்கான தகுதிச் சான்று, நடப்பில் இருக்கிறதா என்று அமெரிக்கன் போர்டு ஆஃப் இன்டர்னல் மெடிசின் தளத்தில் பார்த்தேன். லைசென்ஸை மாநில மருத்துவ வாரியத்தில் பார்த்தேன். டாக்டர்களுக்கான பத்து இலக்க தேசிய அடையாள எண்ணை (என்.பி.ஐ.) கூடத் தேடி எடுத்தேன். எல்லாம் இலவசம், பத்து நிமிட வேலை. அவருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைத்தான் வெளியாள் யாரும் பார்க்க முடியாது. கையெழுத்துப் போட்டது நீங்கள். அதைப் போய் என்னிடம் கேட்கிறீர்கள்!

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. இதற்கு முன்னால் பிப்ரவரியில், இதே பட்டியலில் இருந்த வேறொரு டாக்டரைத் தேடி அரை நாள் விடுப்பு போட்டுப் போனேன். போனில் யாரும் எடுக்காததால் நேரிலேயே போய்ச் சேர்ந்தால், அது பெரிய மருத்துவமனை. அவர் அங்கே சேர்க்கப்பட்டவர்களை மட்டும் பார்க்கும் ஹாஸ்பிடலிஸ்ட், கிளினிக்கே கிடையாது. இதை எனக்குச் சொன்னது வாசலில் நின்ற காவலாளி. அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

எதிர்பாராத மருத்துவ பில்லைத் தடுக்கும் அமெரிக்காவின் நோ சர்ப்ரைசஸ் சட்டம் 2022 ஜனவரி முதல் நடப்பில் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 90 நாளுக்கு ஒரு முறையாவது பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்; தப்பான பட்டியலை நம்பிப் போனவரிடம் நெட்வொர்க் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் எடுத்த அன்றே எடுத்த ஸ்கிரீன்ஷாட், தேதியோடு, என்னிடம் இருக்கிறது. இன்று காலையும் பார்த்தேன், அந்தப் பச்சை டிக் அப்படியே இருக்கிறது.

இந்த நான்கு மாதத்தில் என் நிம்மதி, தூக்கம், குடும்பத்தின் மொத்த பட்ஜெட் எல்லாம் போய்விட்டது. சர்க்கரை ஏறியதற்கும் நீங்கள்தான் காரணம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து கிளைமை நெட்வொர்க் கணக்கில் மறுபடி போடுங்கள். நான் சண்டைக்காரன் இல்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கான 180 நாள் இன்னும் முடியவில்லை. பத்து நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால், மாநிலக் காப்பீட்டுத் துறையா, தொழிலாளர் துறையா, எங்கே போக வேண்டுமோ அங்கே போவேன். எங்கள் அலுவலகத்தில் இலையுதிர் காலத்தில் அடுத்த வருடத் திட்டம் முடிவாகும். அங்கேயும் இந்தக் கடிதத்தின் நகல் போகும்.

போனில் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர்

இணைப்பு: ஸ்கிரீன்ஷாட், பில், அழைப்புகளின் ரெஃபரன்ஸ் எண்கள்