கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சொல்

அன்புள்ள செல்விக்கு,

இது நான் உனக்கு எப்போதோ எழுதியிருக்க வேண்டிய பதில். மூன்று வாரத்துக்கு முன் உன்னுடைய அந்த நீண்ட மெயிலுக்கு நான் நாலு வரி அனுப்பினேனே, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அதில் “அப்பாவோடு மாலையில் நடக்கப் போவதை மட்டும் விட்டுவிடாதே” என்று வேறு எழுதியிருந்தேன். அதற்கு நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நேற்று இரவு உன் கடிதத்தை அச்செடுத்து, மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. மன்னித்துவிடு. எப்படி நடந்தது என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை. படிப்பதைப் பற்றி நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறோம், இதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

என் வேலை உனக்குத் தெரியும். ஒப்பந்தங்களைப் படித்து, எங்கே சிக்கல் வரும் என்று குறிப்பு எழுதித் தர வேண்டும். இந்த வருடம் எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் விலகிவிட்டார்கள். புதிதாக யாரையும் எடுக்கவில்லை, அவர்களுடைய ஃபைல்களும் என் தலையில் விழுந்தன. பகல் முழுக்க மீட்டிங். படிக்கிற வேலையெல்லாம் இரவுக்குத் தள்ளிப் போனது. ஒரு கட்டத்தில், படித்த பக்கத்தையே திரும்பப் படித்துக்கொண்டு, இதைப் படித்தோமா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கூட வேலை செய்யும் ஒரு பெண் அந்தச் சமயத்தில்தான் தன் மொபைலில் ஒரு செயலியைக் காட்டினாள்.

அதில் பக்கம் கிடையாது, வரி கிடையாது. கறுப்புத் திரையின் நடுவில் ஒரே ஒரு சொல் வரும். அது மறைந்து அதே இடத்தில் அடுத்த சொல் வரும். சொல்லின் நடுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஓர் எழுத்து மட்டும் சிவப்பாக இருக்கும். கண்ணை அந்தச் சிவப்பிலேயே நிறுத்திவிட்டால் போதும், சொற்கள் தானாக வந்து போய்க்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். 250, 400, 600 என்று போகிறது.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் என்னை நம்ப வைத்தது. படிக்கும்போது நம் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். அப்படி இல்லை, அது தாவுகிறது. பிரான்சில் எமில் ழாவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் 1870களிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், பிறகு ஒரு தாவல், மறுபடி நிற்கும். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஒரு தாவல் சராசரியாக 7 முதல் 9 எழுத்து. நூறு தாவலில் 10 முதல் 15 வரை முன்னால் போகாமல், படித்த இடத்துக்கே திரும்பி வரும். இந்தத் தாவலையும் திரும்பலையும் ஒழித்துவிட்டால் அந்த நேரமெல்லாம் மிச்சம் என்பதுதான் செயலியின் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் பட்டது.

முதல் வாரம் ஆங்கில ஆவணங்களை மட்டும் அதில் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தை மௌனமாகப் படிக்கும் வேகம் கதை அல்லாத எழுத்தில் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொல் என்று மார்க் பிரைஸ்பார்ட் என்ற ஆய்வாளர் 2019இல் 190 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் அளந்து பார்த்ததில் என்னுடையதும் ஏறக்குறைய அதுதான். 350க்கு ஏற்றினேன். தெரிந்த விஷயத்தைப் பற்றிய சுற்றறிக்கை, மீட்டிங் குறிப்பு இதெல்லாம் ஓடின. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இரவு பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. இரண்டு மாதத்தில் அப்படி முடிந்ததே இல்லை.

மனதுக்குள் கேட்கும் குரலை நிறுத்தினால் இன்னும் வேகம் வரும் என்று அதில் ஒரு யோசனை இருந்தது. கண் சொல்லைப் பார்க்கும்போது வாய்க்குள் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமாம். நாக்குக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் குரல் எழாதாம். இரண்டு நாள் செய்தேன். சொற்கள் கண்ணில் படுகின்றன, ஆனால் எங்கோ கதவுக்கு வெளியே நிற்கின்றன. ஒரு பக்கம் முடித்துவிட்டு என்ன இருந்தது என்று எனக்கே கேள்வி கேட்டுக்கொண்டால், தலைப்பு மட்டும் நினைவிருக்கிறது. அதை விட்டுவிட்டேன். ஆனால் செயலியை விடவில்லை. வேகத்தை 450க்கு ஏற்றினேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. எட்டுப் பக்கம். ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அப்படியே எடுத்து அதற்குள் ஒட்டினேன்.

என்ன பார்த்தேன் தெரியுமா? தமிழ் எழுத்தே உடைந்து போயிருந்தது. அந்தச் செயலி ஓர் எழுத்தைச் சிவப்பாக்குகிறது இல்லையா? அதற்குத் தமிழ் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ‘கொ’ வந்தால், ககரம் கறுப்புத் திரையில் வெள்ளையாகத் தனியே நிற்கிறது. பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அதற்கு இரண்டு பக்கமும் கொம்பும் காலும் சிவப்பாக. உன் சொற்கள் கையும் காலும் வேறு வேறாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நேரம் இல்லை என்ற ஒரே எண்ணம்தான்.

நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 450 சொல் என்றால் ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம்? ஒரு நொடியில் ஏழரையில் ஒரு பங்குதான். கண்ணை ஒரு முறை சிமிட்டினால் ஒரு சொல் போய்விடும். கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம், அதுதான் ஒரு மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நீ மேசையில் விரலைத் தட்டித் தட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். உன் கடிதத்தில் இருந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதேபோலத் தட்டிப் பார்த்தேன்: ‘வந்துகொண்டிருந்தாலும்’. பத்து மாத்திரை வருகிறது. பத்து மாத்திரையை ஒரு கண்ணிமைப்பில் விழுங்கப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்துக்குச் சொன்ன சொல் கணக்கு தமிழுக்கு எப்படிப் பொருந்தும்? அவர்கள் நாலு ஐந்து சொல்லில் சொல்வதை நாம் ஒரே சொல்லில் கோத்துவிடுகிறோம். வருவது யார், எப்போது, நடந்ததா இல்லையா, ‘உம்’ போட்டு இன்னொன்றோடு சேர்க்கிறோமா, எல்லாம் அந்த ஒரு சொல்லின் வாலில் இருக்கிறது. நடுவில் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வால் எங்கே தெரியும்?

அதைவிடப் பெரிய விஷயம் வாக்கியத்தின் வால். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. நடந்ததா, நடக்கவில்லையா என்பது முற்றுப்புள்ளிக்கு முந்தின சொல்லில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் முன்னால் படித்ததற்கெல்லாம் பொருள் நிலைக்கிறது. நீண்ட வாக்கியமாக இருந்தால் கண் தானாக ஒரு முறை பின்னால் போய், எழுவாயைத் தொட்டுவிட்டு வருகிறது. நேற்றுத்தான் என் கண் அப்படிப் போவதை நானே கவனித்தேன். உன் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், இந்த வாக்கியத்தில்:

“அப்பா முன்போல என்னோடு பூங்காவரை நடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசிச் சிரித்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதெல்லாம் இப்போது இல்லை.”

அன்றைக்கு எனக்கு அப்பா தெரிந்தார், பூங்கா தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது, உன் தோள்கூடத் தெரிந்தது. ‘இல்லை’ தெரியவில்லை. கண்ணைச் சிமிட்டியிருப்பேன், இல்லை அறைக்குள் யாரோ வந்திருப்பார்கள். அடுத்த சொல் வந்துவிட்டது, திரும்பிப் போக வரியே கிடையாது. நீயும் அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. அடுத்த வரியிலேயே புத்தக அலமாரியை ஒழுங்கு செய்ததைப் பற்றிப் போய்விட்டாய். கஷ்டத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவதுதான் உன் வழக்கம். உன் குரலோடு படித்திருந்தால் அந்த இடத்தில் நீ நிறுத்தியது எனக்குக் கேட்டிருக்கும். நேற்று கேட்டது. ‘இப்போது’ என்ற சொல்லுக்கு முன்னால் நீ கொஞ்சம் மூச்சு வாங்குவாய், அதுகூடக் கேட்டது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன் (மெதுவாகத்தான்). 2014இல் எலிசபெத் ஷாட்டர், கீத் ரெய்னர் முதலான ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். திரையில் ஒரு வாக்கியம். கண் ஒரு சொல்லைத் தாண்டியதும் அந்தச் சொல் வெறும் எக்ஸ் குறிகளாக மாறிவிடும். திரும்பிப் போனாலும் அங்கே எதுவும் இருக்காது. அப்படிப் படித்தவர்களுக்குப் பொருள் புரிவது குறைந்துவிட்டது. திரும்பிப் பார்ப்பதை நான் கெட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பது என்பதே பாதி அதுதான் என்று இப்போது படுகிறது. 2016இல் ரெய்னரும் மற்றவர்களும் சேர்ந்து வேக வாசிப்பு பற்றிய ஆய்வுகளை எல்லாம் எடுத்து எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது: வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்கிவிட்டுப் புரிதல் அப்படியே இருக்க வேண்டும் என்றால் அது நடக்காத காரியம். தாவலை நிறுத்துவதால் மிச்சமாகும் நேரமும் பெரிதாக ஒன்றும் இல்லையாம். நேரம் போவது கண்ணில் இல்லை, சொல்லை அடையாளம் கண்டு பொருளைக் கூட்டிச் சேர்க்கும் இடத்தில்.

அதே மாதத்தில் அலுவலகத்திலும் ஓர் ஒப்பந்தத்தில் ‘தவிர’ என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டேன். கையெழுத்துக்குப் போகும் முன் இன்னொருவர் பார்த்துவிட்டார், நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை, உன் அப்பாதான்.

மொபைலிலிருந்து செயலியை எடுத்துவிட்டேன். வேலை குறையவில்லை, அதனால் வேறு மாதிரி செய்து பார்க்கிறேன். ஒரு கட்டு வந்ததும் எதைப் படிக்கப் போகிறேன், எதை மேலோட்டமாகப் பார்த்து விடப் போகிறேன் என்று முதலிலேயே பிரித்துவிடுகிறேன். மேலோட்டமாகப் பார்த்ததன்மேல் பென்சிலால் ‘பார்த்தது’ என்று எழுதுகிறேன், ‘படித்தது’ என்று எழுதுவதில்லை. இந்த ஒரு நேர்மை எனக்குப் பெரிய நிம்மதியைத் தருகிறது. படிக்க வேண்டியதை வரிக்கு அடியில் பென்சில் முனையை ஓட்டிக்கொண்டே படிக்கிறேன். 1959இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற ஆசிரியை வேக வாசிப்புப் பள்ளி தொடங்கியபோது பக்கத்தின்மேல் கையை ஓட்டச் சொன்னாராம். அவர் சொன்ன வேகம் எனக்கு வரவில்லை, வேண்டியதும் இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்குக் கண் அலையாமல் இருக்க அந்தப் பென்சில் உதவுகிறது. திரும்பிப் போக வேண்டும் என்றால் பென்சிலும் கூடத் திரும்பும். முக்கியமான ஃபைல்களைக் காலையில் முதல் மீட்டிங்குக்கு முன்னால், மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டுப் படிக்கிறேன். நாற்பது நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் முடியாததை முடியவில்லை என்று மேலதிகாரியிடம் சொல்லவும் ஆரம்பித்திருக்கிறேன். சொன்ன முதல் நாள் பயமாக இருந்தது. அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு ஃபைல்களை எடுத்துக்கொண்டு போனார்.

சரி, அப்பாவுக்கு என்ன? மூட்டு வலியா, இல்லை நடக்கவே பயப்படுகிறாரா? டாக்டர் என்ன சொல்கிறார்? உன்னிடம் எப்படி இருக்கிறார், பேசுகிறாரா? அவர் பேசாமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம் இரண்டு பேருக்கும் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். வாக்கியம் முடியும்வரை குரலை இறக்கக் கூடாது என்பார். நான் அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கிவிட்டால், தலையை ஆட்டிவிட்டு, முதலிலிருந்து படிக்கச் சொல்வார்.

இதற்கு மெயிலில் சுருக்கமாகப் பதில் போடாதே. எத்தனை பக்கம் வந்தாலும் எழுது, நான் அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். அப்புறம், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போனை அவரிடம் கொடு. அன்றைய செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொள்கிறேன், அவர் கேட்கும் பக்கத்தை நான் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் கலா