வண்டி எழுதியதை எங்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்

சுரங்கங்களுக்கும் கல்குவாரிகளுக்கும் டம்பர், எக்ஸ்கவேட்டர், லோடர் செய்கிற நிறுவனத்தாருக்கும், அவற்றை விற்றுப் பழுது பார்க்கிற டீலர்களுக்கும்,

வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் வண்டிகள் தம் வயிற்றுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் பதிவுகளை எக்செல் கோப்பாக மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஜல்லிக் குவாரிக்காரர்கள் நேரில் வருவார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் டம்பர் ஓட்டும் ஒப்பந்ததாரர்கள் ஆள்விட்டு அனுப்புவார்கள். எல்லோரும் கொண்டுவருவது ஒரு பென்டிரைவ், கேட்பது ஒரே கேள்வி: "இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க சார்."

போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். அரியலூர்ப் பக்கம் ஒரு சுரங்கத்தில் ஒப்பந்ததாரரிடம் டம்பர் ஓட்டுபவர். இரவு பஸ் ஏறி விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மூன்று பஸ் மாறி அம்பத்தூர் வந்திருந்தார். பென்டிரைவைப் பாலித்தீன் கவரில் மடித்து, அதை ரப்பர் பேண்டு போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கூடவே டீலர் தரப்பு கொடுத்த ஒரு பக்க அறிக்கை. வண்டியின் ஹெட் காஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) போய் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. வாரண்டி கிடையாது என்று அறிக்கை சொன்னது. காரணம்: எஞ்சின் படுப்பதற்கு 11 நாள் முன்பு அதிகாலை 05:12-க்குக் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பம் எல்லை தாண்டியும் வண்டி ஓட்டப்பட்டிருக்கிறதாம். அந்த நேரத்தில் வண்டியில் இருந்தவர் இவர். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான ஷிப்ட்.

"நான் அப்படி ஓட்டுற ஆளு இல்ல சார். லைட் எரிஞ்சா ஓரங்கட்டிருவேன்" என்றார். ஒப்பந்ததாரர் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்திருந்தார். ஆனாலும் அவரே பதிவை நகலெடுத்துக் கொடுத்து, போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். அந்த மனசுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

கோப்பைத் திறந்தால் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வண்டிகளில் எஞ்சின், கியர், பிரேக் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுக் கம்பியில் பெரும்பாலும் ஜே1939 என்ற முறைதான் ஓடுகிறது. சாதாரணமாக வினாடிக்கு 2,50,000 பிட் வேகம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் எட்டு பைட் சரக்கு. 65262 என்று வந்தால் எஞ்சின் வெப்பம், 61444 என்று வந்தால் எஞ்சின் வேகம். அன்றைய கோப்பில் வெப்பச் செய்தியின் முதல் பைட் 93 என்று இருந்தது. இது ஹெக்ஸ் எண், அதாவது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை. நம் கணக்கில் 147. அதிலிருந்து 40 கழிக்க வேண்டும். 107 டிகிரி. கழிக்க வேண்டும் என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

எஞ்சின் வேகம் இன்னும் நுணுக்கமானது. இரண்டு பைட்டில் வரும், 40 அப்புறம் 38 என்று. பின்னால் வருவதை முன்னால் வைத்து 3840 என்று படிக்க வேண்டும். இதுவும் ஹெக்ஸ்தான், நம் கணக்கில் 14400. அதை எட்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 1800 சுற்று வரும். ஏற்றத்தில் லோடு இழுக்கிற வண்டிக்கு நியாயமான வேகம். வந்த வரிசையிலேயே 4038 என்று படித்தால் நம் கணக்கில் 16440, எட்டால் வகுத்தால் 2055 வரும். அதுவும் பார்வைக்கு நம்பும்படியான எண்தான். ஆனால் அந்த எண்ணைப் பார்ப்பவர் டிரைவர் எஞ்சினை அளவுக்கு மீறி முறுக்கினார் என்று எழுதிவிடுவார். இரண்டு பைட்டின் இடம் மாறியதற்கு ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டிவரும். இன்னொன்று, வெப்பத்தின் பைட் நம் கணக்கில் 255 என்று வந்தால் அளவு கிடைக்கவில்லை என்று பொருள், 254 என்றால் கோளாறு. இதைத் தெரியாமல் 40 கழித்தால் எக்செலில் 215 டிகிரி, 214 டிகிரி என்று நிற்கும். 215 டிகிரி என்று சிவப்பு வண்ணம் அடித்த பிரின்ட் ஒன்றை ஒரு குவாரி அலுவலகச் சுவரில் நானே பார்த்திருக்கிறேன்.

சரி, அரியலூர்க் கோப்புக்கு வருகிறேன். வெப்பம் 107 தொட்டது உண்மை. கோப்பில் நேரமும் 05:12 என்றுதான் இருந்தது. எனக்கும் முதலில் சங்கடமாகிவிட்டது, அவர் முகத்தைப் பார்க்காமல் கீழே போய் டீ வாங்கி வந்தேன். அப்புறம் அந்த ஒரு நாளை விட்டுவிட்டு மாதம் முழுவதையும் விரித்துப் பார்த்தேன். வண்டி எப்போதெல்லாம் அணைகிறது என்று மட்டும் தனி நெடுவரிசையில் எடுத்தேன். தினமும் மூன்று தடவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் எஞ்சின் நிற்கிறது: 00:30, 08:30, 16:30. ஷிப்ட் மாறும் நேரம்தான் அது, வேறு என்னவாக இருக்க முடியும்? ஆனால் அந்தச் சுரங்கத்தில் ஷிப்ட் மாறுவது காலை 6, மதியம் 2, இரவு 10. நள்ளிரவு பன்னிரண்டரைக்கு யாரும் வண்டி மாற்றுவதில்லை. ஒவ்வொன்றிலும் சரியாக ஐந்தரை மணி நேரம் இடிக்கிறது.

பதிவுக் கருவி உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அப்படியானால் 05:12 என்பது காலை 10:42. நம்ம ஆள் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். மூன்று நேரங்களையும் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

இத்தனைக்கும் அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. கோப்பில் கண்டதை எழுதினார். அந்த நெடுவரிசையின் தலையில் எந்த ஊர் நேரம் என்று ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு சொல் இல்லாததால் ஒரு குடும்பம் இரண்டு மாதம் குறைந்த சம்பளத்தில் ஓடியது.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன். இரவு ஆளைக் காப்பாற்றிய அதே கோப்பு பகல் ஆளை மாட்டிவிட்டது. 10:42-க்கு வண்டியில் இருந்தவர் இன்னொருவர், அவரும் கூலிக்காரர்தான். அவருக்காகவும் பார்த்தேன். வெப்பம் 105 தாண்டிய 42 வினாடிக்குள் எஞ்சின் வேகம் 700-க்கு இறங்கியிருக்கிறது, சுமார் ஐந்து நிமிடம் ஐடிலில், அதாவது வேலை செய்யாமல் சும்மா ஓடி அணைந்திருக்கிறது. அதாவது ஓரங்கட்டியிருக்கிறார். அன்றே போர்மேனிடம் சொன்னாராம், தண்ணீர் ஊற்றி ஓட்டச் சொல்லிவிட்டார்களாம், யாரும் எழுதி வைக்கவில்லை. இதெல்லாம் சரி. ஆனால் ஒப்பந்ததாரர் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: அந்த நடையில் வண்டியில் எத்தனை டன் இருந்தது? அதிக லோடு ஏற்றி மேட்டில் இழுத்ததால் சூடானதா, ரேடியேட்டர் அடைத்திருந்ததால் சூடானதா?

பதில் அந்தக் கோப்பிலேயே இருந்திருக்கலாம். வண்டி தன் மேல் ஏற்றிய எடையைத் தானே அளக்கிறது, அதன் பதிவை நான் படிக்க முடியாது, அவ்வளவுதான். ஜே1939 முறையில் 65280 முதல் 65535 வரையுள்ள 256 எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்ததை, பிடித்த வரிசையில், பிடித்த அளவில் அதில் எழுதிக்கொள்ளலாம். அதன் பொருள் உங்களுக்கு மட்டும் தெரியும். அன்றைய கோப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரிகள் அந்த எண்களில் இருந்தவை.

நான் கேட்பது ஒரு தாள். ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் ஒன்று. எந்தச் செய்தி எண், அதில் எத்தனையாவது பைட், எதனால் பெருக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும், கிடைப்பது டிகிரியா, டன்னா, கிலோபாஸ்கலா. கூடவே, பதிவின் கடிகாரம் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று ஒரு வரி. வண்டி வாங்குகிறவருக்கு ஆபரேட்டர் கையேடு கொடுக்கிறீர்கள், எண்ணெய் மாற்றும் அட்டவணை கொடுக்கிறீர்கள். அவற்றோடு இதையும் வைத்துக் கொடுங்கள். உங்கள் மென்பொருளை இலவசமாகக் கேட்கவில்லை. அது உங்கள் உழைப்பு, அதற்கு விலை வைப்பது உங்கள் உரிமை. ஆனால் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து ஒருவர் வாங்கிய வண்டி, அவர் டீசலில் ஓடி, அவர் குழியில் எழுதிய பதிவு அது. அதைப் படிக்க அவர் உங்களிடம் வரிசையில் நிற்பது முறையல்ல.

இதைச் சொன்னால் டீலர் அலுவலகங்களில் எனக்குக் கிடைக்கும் பதில், "போட்டி நிறுவனம் பார்த்துவிடும்" என்பது. போட்டியாளர் உங்கள் வண்டியையே வாங்கிப் பிரித்துப் பார்க்கக்கூடியவர், இந்தத் தாளுக்காகக் காத்திருக்க மாட்டார். இன்னொரு பதில், யாராவது உள்ளே புகுந்து எஞ்சின் அமைப்பை மாற்றிவிடுவார்கள் என்பது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் வாசிப்பது வேறு, எழுதுவது வேறு. எழுதும் கதவை எத்தனை பூட்டு போட்டும் பூட்டுங்கள்.

ஐஎஸ்ஓ 15143-3 இருக்கிறதே என்பீர்கள். 2016-இல் வந்த நல்ல சர்வதேசத் தரநிலை அது. பல நிறுவன வண்டிகளின் ஓடிய மணி, குடித்த டீசல், நிற்கும் இடம் ஆகியவற்றை ஒரே வடிவில் சர்வருக்குச் சர்வர் அனுப்ப வழி செய்கிறது. பல வண்டிகளை ஒரே திரையில் பார்க்க நினைக்கும் முதலாளிக்கு அது போதும். காலை 10:42-க்கு என்ன நடந்தது என்று கேட்கிற டிரைவருக்கு வினாடி வினாடியான பதிவு வேண்டும்.

உங்கள் மென்பொருளிலிருந்து எக்செலுக்கு ஏற்றுமதி செய்யும் வசதி சில மாடல்களில் இருக்கிறது, மறுக்கவில்லை. அதிலும் இரண்டு விஷயம் பாருங்கள். எக்செல் தாளில் 10,48,576 வரிதான் கொள்ளும். வினாடிக்கு ஒரு வரி வீதம் ஓயாமல் எழுதினால் 12 நாளில் நிரம்பிவிடும். அதற்கு மேல் உள்ளதைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை வரும், எல்லோரும் ஓகே அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள், மீதி மாதம் கண்ணில் படாமலே போகும். நாளுக்கொரு கோப்பாகப் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. அப்புறம், 03/04 என்று தேதி போடாதீர்கள். மார்ச்சா ஏப்ரலா என்று சண்டையே நடந்திருக்கிறது. ஆண்டை முதலில் எழுதுங்கள்.

நான் தலைப்புகளைத் தமிழில்தான் போட்டுக் கொடுக்கிறேன். கூலன்ட் சூடு, எண்ணெய் அழுத்தம், ஐடில் நிமிடம் என்று. ஆரம்பத்தில் எக்செலில் திறந்தால் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக வந்தது. யூடிஎஃப்-8 என்ற அடையாளத்தைக் கோப்பின் தலையில் வைத்துச் சேமித்த பிறகு சரியாகிவிட்டது. அந்தத் தாளை ஆபரேட்டர்கள் பிரின்ட் எடுத்துத் தாங்களே படிக்கிறார்கள். தன் வண்டி ஒரு ஷிப்டில் இரண்டு மணி நேரம் சும்மா நின்று டீசல் குடித்ததை ஒரு இளைஞர் தானே கண்டுபிடித்து, கிரஷர் வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்க ஆரம்பித்தார். யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை.

உங்களில் சிலருடைய தொழிற்சாலைகள் திருவள்ளூர்ப் பக்கமும் ஒரகடம் பக்கமும்தான் இருக்கின்றன. என் அறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கூப்பிட்டால் கோப்போடு வருகிறேன், கூலி வேண்டாம். நிறுவனத்தின் பெயரையோ வண்டியின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை, எழுதுவது என் நோக்கமும் இல்லை.

அந்த அரியலூர்க் கோப்பு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் 14 நெடுவரிசைகளுக்குத் தலைப்பு இல்லை, செய்தி எண்ணை மட்டும் போட்டு விட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று வண்டி குழிக்குள் இருக்கும்போது ஏறுகிறது, கொட்டிய பிறகு இறங்குகிறது. அது எடையாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனசு சொல்கிறது, ஆனால் மனசு சொல்வதை வைத்து ஒருவர் வேலையைப் பற்றி நான் எழுதிக் கொடுக்க முடியாது. பகல் ஷிப்ட் ஆள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அந்த 14 தலைப்புகளை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து உங்கள் வண்டிகளின் பதிவைப் படித்துக் கொடுக்கும் ஒருவன்